ஒன்பதாவது கேள்வி

அறையில் மூன்று பேர் இருந்தோம். தாதி இங்ரிட், மொழிபெயர்ப்புக்கு வந்த தமிழ் அக்கா, நான். அண்ணை இல்லை. அவர் செத்து ஒன்றரை வருடமாகிறது. எனக்கு இப்போது வந்திருக்கும் இதே வலிப்பு வருத்தம் அவருக்கும் இருந்தது. இந்த நோர்வே ஆஸ்பத்திரியில் புது மருந்துக் குளிசை எழுதமுன் ஒரு படிவம் நிரப்புவார்கள். நித்திரை வருகிறதா, பசிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்த இங்ரிட், கோப்பி வேணுமா என்று கேட்கும் அதே குரலில் ஒன்பதாவது கேள்வியையும் கேட்டாள். அதில் ‘செல்வ்மூர்ட்’ என்றொரு சொல் இருந்தது. போன மாதம் தந்த குளிசைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பக்கவிளைவுத் தாளில், அகராதி வைத்து நான் முன்பே படித்த சொல். தற்கொலை.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். “மனசு கொஞ்சம் சோர்வோ தம்பி?”

அவரைக் குறை சொல்லமாட்டேன். உள்ளே வரும்போதே ஊர் விசாரித்திருந்தார். நான் புளியங்கூடல், அவர் மடத்துவெளி. இடையில் ஒரு பாலம்தான். அந்தச் சொல்லை ஊர்ப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்ல எங்கள் யாழ்ப்பாணத் தீவாருக்கு வாய் வராது. நானும் பரவாயில்லை அக்கா என்றேன். அக்கா அதை ‘இல்லை’ என்று அவளுக்கு மாற்றிச் சொல்ல, இங்ரிட் பேனையை எடுத்தாள்.

அண்ணையிடமும் நாங்கள் இப்படித்தான் கேட்காமல் விட்டோம். எட்டாம் வகுப்போடு நின்று, புகையிலைத் தோட்டம் செய்து, எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக என்னைக் கம்பசுக்குப் படிக்க அனுப்பியவர். வலிப்பு வரத் தொடங்கியதும் கிணற்றடிக்குத் தனியப் போகக்கூடாது, அடுப்படிக்குப் போகக்கூடாது என்றோம். சைக்கிளை விற்றோம். தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்தோம். தங்கச்சிக்குச் சம்பந்தம் பேச ஆட்கள் வந்தால் அறைக்குள் இருக்கச் சொன்னோம். விழுந்து காயப்படாமல் அவ்வளவு கவனமாகப் பார்த்தோம். அந்த மனிசனுக்கு நாள் முழுக்கச் செய்ய என்ன மிச்சம் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. நான் இங்கிருந்து ஃபோனில் கேட்பது இரண்டே கேள்வி: சாப்பிட்டாச்சோ, குளிசை போட்டாச்சோ. ஒருநாள் அவர், “காணுமடா தம்பி, இனி இருந்து என்ன” என்றார். விசர்க்கதை கதையாதேங்கோ என்று பேச்சைக் கிரிக்கெட்டுக்கு மாற்றினேன். அவரும் சிரித்துக்கொண்டு ஸ்கோர் சொன்னார். அதிலிருந்து மூன்றாம் கிழமையில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களிடம் அம்மா, பிள்ளைக்கு வலிப்பு வந்தது, எழும்பவில்லை என்று சொன்னார். அவர் இருந்தவரை வலிப்பை மறைத்தோம். போனபிறகு அதே வலிப்பைக் காட்டி மற்றதை மறைத்தோம். அம்மாவுக்கு அந்த வசனத்தை இங்கிருந்து சொல்லிக்கொடுத்தவன், படித்த மகனான நான்.

போன மாதம் வேலையிடத்தில் எல்லாருக்கும் முன்னால் வலிப்பு வந்து விழுந்த பிறகு, இனி இருந்து என்ன என்பது என் வாயிலும் வரத் தொடங்கியிருந்தது. இங்ரிட்டின் பேனை ‘இல்லை’ என்ற கட்டத்துக்கு மேலே நின்றது. “யா,” என்றேன், அவர்கள் மொழியில் ஓம். “செல்வ்மூர்ட், யா.” அதற்குமேல் அவர்களின் மொழியில் எனக்குச் சொல்ல வரவில்லை. அவள் குழம்பிப்போய் அக்காவைப் பார்த்தாள்.

அக்கா கதிரையை என் பக்கம் இழுத்தார். “தம்பி, அவ கேட்டதை நான் கேக்கேல்லை. இப்ப கேக்கிறன். சாகவேணுமெண்டு யோசிச்சனீரோ?”

இருபத்தொன்பது வயதில், தமிழில் அந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது அன்றுதான். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று நாங்கள் பயந்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை.

“ஓம் அக்கா.”

இங்ரிட் பேனையை வைத்துவிட்டாள். தனியவா இருக்கிறாய், இன்றிரவு யார் உன்னோடு இருப்பார் என்று ஆறுதலாகக் கேட்டாள். ஒவ்வொன்றையும் அக்கா அப்படியே தமிழில் கேட்டார். மனநல வைத்தியரிடம் புதன்கிழமைக்கு நாள் கிடைத்தது. இதை வாசிப்பவர்களே, உங்கள் வீட்டிலும் தீராத நரம்பு வருத்தத்தோடு ஒருவர் இருந்தால், குளிசை போட்டாச்சோ என்பதோடு நிறுத்தாதேங்கோ.

வெளியே மெசினில் ஆஸ்பத்திரிக் காசைக் கட்டினேன். நானூறு குரோனர். வந்து நாலு வருடமாகியும் மனம் உடனே இலங்கை ரூபாயில் பெருக்கிப் பார்த்தது: பன்னிரண்டாயிரம். அந்தக் கேள்வியைக் கேட்க வைத்ததற்கு இங்கே நான் கொடுத்தது அவ்வளவுதான். கேட்காமல் விட்டதற்கு எங்கள் வீடு கொடுத்தது, முப்பத்தாறு வயது அண்ணையை.