முடிவு பிழையான படம்

என்னோடு வேலை செய்யும் பிள்ளைகள் எந்தப் புதுப் படம் வந்தாலும் திங்கட்கிழமை காலையிலேயே அதை அலசத் தொடங்கிவிடுவார்கள். தொடர்களும் அப்படித்தான். எட்டுப் பகுதியையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டுக் கண் வீங்கியபடி வந்து கதைப்பார்கள். என்னிடம் கேட்டால் பரவாயில்லை என்பேன். நல்ல படத்துக்கும் பரவாயில்லை, குப்பைக்கும் பரவாயில்லை. இவளுக்கு ரசனையே கிடையாது என்று என்னைப் பகிடி பண்ணுவார்கள். பத்து வயதில் நான் எங்கள் வளவின் ஒரேயொரு விமர்சகராக இருந்தது அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது!

செங்கலடிக்குக் கிட்ட, ஆற்றோரமாக எங்கள் வீடு. வாவியைத்தான் நாங்கள் ஆறு என்போம். அதே வளவுக்குள் அம்மாவின் தங்கையான சின்னம்மா ஒரு தகரக் கொட்டிலில் தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை. ஞாயிறு மத்தியானம் சோறு தின்ற கையோடு மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சந்தியிலிருந்து ஒரு சீடி கொண்டுவருவார். எங்கள் வீட்டு மண்டபத்தில் பாய் விரித்து எல்லோரும் பார்ப்போம்.

படம் முடிந்ததும் மாமா குசினிக்குள் போய் அகப்பையை எடுத்து வந்து என் வாய்க்கு நேரே மைக்காக நீட்டுவார். "சொல்லுங்க மேடம், படம் எப்பிடி?" நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவேன். இருபது பேரை அடித்த கதாநாயகனுக்குச் சட்டைப் பொத்தான் ஒன்றுகூடக் கழலவில்லை. கதாநாயகி சாகக் கிடக்கிறாள், உதட்டுச் சாயம் மட்டும் அப்படியே இருக்கிறது. பின்னேரத் தொடரில் வரும் மாமியார் திரும்பிப் பார்க்கவே மூன்று நாள் எடுக்கிறாள், அதற்குள் நான் ஒரு வருடப் பாடத்தை எழுதி முடித்துவிடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். விழுந்து விழுந்து சிரிப்பவர் சின்னம்மாதான். "இவள்ர வாய்க்கு வரி போடணும்கா" என்று அம்மாவிடம் சொல்லுவார். எனக்குத் தலைகால் புரியாது.

சின்னம்மாவின் புருஷன், எங்கள் சித்தப்பா, ஆற்றில் இறால் பிடிப்பவர். சண்டைக் காலத்தில் ஒரு நாள் காலை இறால் கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. எனக்கு அப்போது மூன்று வயது. அவர் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. ஏழு வருடமாகச் சின்னம்மா பொட்டும் தாலியுமாகத்தான் இருந்தார். கல்யாண வீட்டில் ஆலாத்தி எடுக்க அவரைக் கூப்பிடுவதா விடுவதா என்று சனம் தடுமாறும். அந்தச் சிரமத்தை யாருக்கும் கொடுக்காமல் அவரே பாத்திரம் கழுவுகிற பக்கம் போய்விடுவார்.

சித்தப்பாவின் மரணத்தைப் பதிந்தால் வீட்டுத்திட்டத்தில் சின்னம்மாவின் பெயரைச் சேர்க்கலாம் என்று கிராம சேவகர் பல தடவை வந்து சொன்னார். நல்ல மனுஷன், சின்னம்மாவின் கொட்டில் மாரியில் ஒழுகுவதைப் பார்த்துத்தான் சொன்னார். படிவம் எங்கள் அலுமாரியில் கிடந்தது. சின்னம்மா அதைக் கையால் தொட மாட்டார். "செத்தவங்களுக்குத்தானே அந்தக் கடதாசி" என்பார். அதோடு கதை முடிந்துவிடும்.

அவர் இல்லாத நேரத்தில் கதை முடியாது. அம்மாவும் மாமாவும் குசினியில் இருந்து அதையே பேசுவார்கள். அவர் முகத்துக்கு நேரே சொல்ல இரண்டு பேருக்கும் தைரியமில்லை. நான் பக்கத்தில் தேங்காய் திருவிக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூடப் பாடம்தான் எனக்கு ஏறாது, பெரியவர்களின் பேச்சு அப்படியே மனப்பாடம்.

அந்த ஞாயிறு மாமா கொண்டுவந்த சீடியின் உறையில் ஒரு கூட்டமே குதித்து ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டப் படம் என்று நம்பித்தான் பாவம் அவர் எடுத்து வந்தார். இரண்டு பாட்டோடு ஆட்டம் முடிந்துவிட்டது. பிறகு கதாநாயகன் கப்பலில் வேலைக்குப் போய்க் காணாமல் போனான். பெண்சாதி காத்துக்கொண்டிருந்தாள். தாய் தகப்பன், ஊர், கோயில் ஐயர் என்று எல்லோரும் அவன் செத்துவிட்டான் என்றார்கள், அவள் மட்டும் இல்லை என்றாள். அம்மா மாமாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மாமா எழும்பிப்போய், "சீடி இறுகுது போல, நிப்பாட்டுவம்" என்றார். சீடி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"விடு தம்பி, பாப்பம்" என்றார் சின்னம்மா.

கடைசியில், கொட்டும் மழையில், ஒரு பஸ்ஸிலிருந்து தாடியோடு அவன் இறங்கினான். பெண்சாதி ஓடிப்போனாள். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். சின்னம்மா அழவில்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பஸ்ஸின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து ஓடி முடிந்து திரை கறுப்பான பிறகும் அப்படியே இருந்தார்.

அன்று மாமா அகப்பையை எடுத்து வரவில்லை. எனக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. சொல்வதற்கு எவ்வளவு வைத்திருந்தேன்! நானே குசினிக்குள் ஓடி அதை எடுத்து வந்து எல்லோருக்கும் நடுவில் நின்றேன்.

"முடிவு பிழை" என்று தொடங்கினேன். "இத்தின வருசம் வராத மனிசன் இனி எங்க வாற? எப்பவோ செத்திருப்பார். ஊருக்கெல்லாம் தெரியும், அவக்கு மட்டுந்தான் விளங்குதில்ல. பொட்டும் தாலியுமா யாரை ஏமாத்துறா?"

ஒரு சொல்கூட என்னுடையதில்லை. எல்லாம் குசினியில் பொறுக்கியவை. அம்மாவின் இழுப்பும் பெருமூச்சும்கூட அதில் அப்படியே இருந்தன. படத்தில் வந்தவளுக்கு அவை பொருத்தமாக இருக்கின்றன என்று நினைத்தேன், அவ்வளவுதான். சிரிப்புக்காகக் காத்து நின்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா எழும்பி வந்து பளாரென்று ஒரு அறை விட்டார். அகப்பை தூரப்போய் விழுந்தது. சின்னம்மா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"புள்ளைக்கு அடிக்காத அக்கா. அது படத்தத்தானே சொல்லிச்சு" என்றார். என்னைக் கிட்ட இழுத்துக் கன்னத்தைத் தடவிவிட்டார். அவர் கை குளிர்ந்திருந்தது. பிறகு பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுத் தன் கொட்டிலுக்குப் போனார். நான் அறை வாங்கிய கோபத்தில் இரவு சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தேன். உண்மையைச் சொன்னதற்கு அடியா என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

புதன்கிழமை காலை சின்னம்மா வந்து அலுமாரியில் இருந்த படிவத்தைக் கேட்டார். அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் அடுப்படிக்குப் போய்விட்டார். மாமா சின்னம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனார். பின்னேரம் திரும்பி வந்ததும் சின்னம்மா நேரே கொட்டிலுக்குப் போக, மாமா எங்கள் வீட்டுப் படியில் குந்திக்கொண்டு தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"எல்லாம் முடிஞ்சிது" என்று அம்மாவிடம் சொன்னார். "ஒரு இடத்திலதான் ஆள் தடுமாறிற்றா. எப்ப செத்தவர் எண்டு அந்த ஐயா கேக்கார், இவ போன ஞாயித்துக்கிழம எண்டுறா. அவர் பேனைய வச்சிற்றார். மறுகா நான்தான் கதைச்சி, காணாமப்போன திகதியச் சொல்லிக் குடுத்தன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். எனக்கோ சிரிப்பு வந்தது. போன ஞாயிறு நாங்கள் எல்லோரும் வீட்டில்தானே இருந்தோம்! ஒருவரும் சாகவில்லையே! பெரிய ஆள், ஒரு நாள் கணக்குத் தெரியாதா? திருத்திவிட வேண்டும் என்று கொட்டிலுக்கு ஓடினேன்.

சின்னம்மா வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது நெற்றியில் ஒன்றுமில்லை. பொட்டிருந்த இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது.

"போன ஞாயித்துக்கிழம நாம படம் பாத்த நாள் சின்னம்மா" என்றேன்.

"ஓம் மனே" என்றார். "எனக்குத் தெரியும்."

தெரிந்துகொண்டே ஏன் பிழையாகச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஒரு பெரிய ஆளின் பிழையைப் பிடித்துவிட்ட சந்தோசத்தோடு நான் விளையாடப் போனேன்.