உழாமல் விட்ட இடம்

1. போன்

“சேச்சி, பத்தாவது படத்துல நடுவுல கருப்பா ஒரு திட்டு நிக்குதே, வெட்ட மறந்துட்டிங்களோ?”

மலையாளப் பக்கத்து மலையில், சாந்தன்பாறையில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு ரிசார்ட்டின் மேனேஜர் செல்வராஜ் இப்படிக் கேட்டபோது என் கையில் மசி ரோலர் இருந்தது. ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் தலையிலேயே போட்டிருப்பேன். நல்லவேளை, அவர் மலைமேல் இருந்தார்.

நான் மீனாட்சிபுரத்தில் ஒரு பழைய மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, பிளைவுட் பலகையில் பறவைகளை வெட்டி அச்சடிக்கிறவள். அதற்காக டிராயிங் டீச்சர் வேலையை விட்டவள். அதுவரை என் படங்கள் தெரிந்தவர்கள் வீட்டுச் சுவரைத் தாண்டியதில்லை. ஒரே கட்டடத்தில் பத்துப் படம், ஒவ்வொன்றின் கீழும் என் பெயர் என்றார்கள். அதற்குத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன். இருவாச்சி, மரங்கொத்தி, கரிச்சான் என்று ஒன்பது படங்களை வாங்கிச் சுவரில் மாட்டியும் விட்டார்கள். பணம் பத்தும் முடிந்த பிறகு என்று பேச்சு. வாசல் ஹாலுக்கான பத்தாவதின் ப்ரூஃபை, அதாவது முதல் மாதிரி அச்சை, வாட்ஸ்அப்பில் அனுப்பியதும்தான் இந்தப் போன்.

2. அந்தக் கருப்பு

தொழில் புதிதாகக் கற்பவர்களுக்காகச் சொல்கிறேன். பலகையில் உளி போன இடம் காகிதத்தில் வெள்ளையாக விழும். உளி படாத இடம் கருப்பாக விழும்.

பத்தாவது படம் எங்கள் கடலைக்காடு. படம் முழுக்க உழவுச்சால். நடுவில் மட்டும் சால் வெட்டாத ஒரு திட்டு. அதில் மெல்லிய கோட்டில் ஓர் ஆள்காட்டிக் குருவி, காலடியில் நான்கு முட்டை.

என் கொழுந்தனார் மணி டிராக்டர் ஓட்டும்போது ஆள்காட்டி தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுவார். அது வெறும் தரையில் முட்டையிடும் பறவை. முட்டையும் மண் நிறம். குனிந்து தேடிக் கண்டுபிடித்து, பக்கத்தில் ஒரு வேப்பங்குச்சியை நட்டுவிட்டு, அதைச் சுற்றி ஓட்டிப் போவார். குஞ்சு ஓடும்வரை அந்த இடம் உழாமல் கிடக்கும். அவர் அங்கே உழவில்லை, அதனால் நானும் அங்கே சால் வெட்டவில்லை.

3. ஐந்து கோடு

இதையெல்லாம் செல்வராஜிடம் சொன்னேன்.

“கதை நல்லாத்தான் இருக்கு சேச்சி. வர்ற கெஸ்ட்டுக்கு அது தெரியுமா? ஃபினிஷிங் இல்லைன்னு ஓனர் சொல்றாரு. நாலு கோடு இழுத்து விடுங்க. இல்லைன்னா அந்த எடத்துல ஒரு மயிலு வச்சிருங்க.”

“மயிலுங்களா? எங்கூருக்கு வந்து பாருங்க, தக்காளி ஒண்ணு விடாம கொத்திப்போட்டுப் போகுது. வேணும்னா புடிச்சே அனுப்பறனுங்க, வெச்சுக்குங்க.”

வாய்ப் பேச்சுக்கு என்னிடம் பஞ்சமே இல்லை. ஆனால் மறுநாள் காலையில் உளியை எடுத்து அந்தத் திட்டில் ஐந்து கோடு வெட்டினேன். எழுதவே கூசுகிறது. பெயர் ஆசை, வேறென்ன!

ப்ரூஃப் எடுத்துக் கொடியில் காயப்போட்டிருந்தேன். பால்கேன் எடுக்க வந்த மணி அதைப் பார்த்து நின்றார். எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“ஏனுங் நங்கையா, முட்ட மேலயே ஓட்டிப்போட்டீங்களே?”

“ரிசார்ட்டுக்காரங்க கேட்டாங்க தம்பி.”

“அவிய கேட்டா ஓட்டிப்போடறதுங்களா?”

அவ்வளவுதான் சொன்னார். கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போய்விட்டார். முதலில் அவர் மேல்தான் கோபம் வந்தது. இந்த ஆளுக்கு அச்சுவேலையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். சாப்பிட உட்கார்ந்தவள் பாதியில் எழுந்துபோய்ப் பார்த்தேன், ஐந்து கோடும் முட்டை மேல்தான் ஓடியிருந்தன.

பென்சில் கோட்டை அழிக்கலாம், வெட்டிய மரம் திரும்ப முளைக்காது. மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தாலும் அச்சில் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பலகையை அடுப்பில் வைத்தேன். புதுப் பலகை வாங்கி முதல் சாலிலிருந்து மறுபடி வெட்டினேன். மூன்று வாரம் ஆனது. மணிக்கட்டு வீங்கிவிட்டது.

4. ஸ்க்ரூடிரைவர்

புது அச்சைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறி சாந்தன்பாறை போனேன். செல்வராஜ் மேசையில் விரித்துப் பார்த்தார்.

“சேச்சி, அதே கருப்புல்லா நிக்குது?”

“அதேதானுங்க. வெட்ட மறந்த எடமில்லீங்க, உழாத நெலம். இத மாட்டறதுன்னா பத்தும் இருக்கட்டும். இல்லீனா அந்த ஒம்பதையும் கழட்டிக் குடுத்துருங்க.”

“இந்த ஒண்ணுக்காகவா?”

“ஆமாங்க. இதுல உங்க பேச்சக் கேட்டுட்டா அந்த ஒம்பதையும் நான் என் கண்ணால பாத்து வெட்டுனன்னு எப்படிங்க சொல்லுவேன்?”

கெட்ட மனிதர் இல்லை. என் எதிரிலேயே ஓனருக்குப் போன் போட்டு எனக்காகக் கொஞ்சம் வாதாடவும் செய்தார். பிறகு போனை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், “ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு வாங்கப்பா” என்று உள்ளே குரல் கொடுத்தார்.

ஒன்பது படங்களையும் இறக்கி, பேப்பர் சுற்றி, பஸ் வரை அவரே தூக்கி வந்து ஏற்றிவிட்டார். பூப்பாறை தாண்டும்வரை அழுதேன். பக்கத்து சீட்டு அம்மாள் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். படம் வேண்டாம் என்று சொல்ல வாங்குகிறவருக்கு உரிமை உண்டு. எங்கே வெட்டவேண்டும் என்று சொல்ல இல்லை. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பலகை வீணானது.

மறுநாள் காலையில் ரோலரில் மசி ஏற்றி, உழாத அந்த இடத்தோடு இருபத்தைந்து பிரதி அச்சடித்தேன். ஒன்றைக்கூட யாரும் கேட்டிருக்கவில்லை.