தகடு வெட்டாமல் மாட்டிய அகல வீல்

என் வீட்டுக்காரியைப் பற்றி நானே எழுதினால் தாராவியில் நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கோகிலவாணி செய்ததை நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்? அவள் கை எந்நேரமும் கிரீஸும் கரியுமாக இருக்கும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன், தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. காலையில் எங்கள் சந்துப் பிள்ளையாருக்குச் சந்தனம் அரைத்துக் கொடுத்துவிட்டுத்தான் மிஷினில் உட்காருவேன். அவள் கோயில் பக்கம் அதிகம் வரமாட்டாள். கேட்டால், "நீங்க கும்பிட்டா ரெண்டு பேருக்கும் சேரும்லா" என்பாள்.

அவள் வைத்திருப்பது டயர் கடை. முன்னே அது அவள் அண்ணனின் பஞ்சர் கடை. அவர் மான்குர்த்துக்குக் குடி போகும்போது கடையை யாருக்காவது கைமாற்றிவிடலாம் என்றார். "ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்று இவள் சாவியை வாங்கிக்கொண்டாள். வருகிறவன் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து, "சேட் கஹாங் ஹை?" என்று முதலாளியைக் கேட்பான். "நான்தான் சேட்டு. டயரைக் கழத்தவா, போறியா?" என்பாள். ஆட்டோ, டெம்போ, தண்ணீர் வண்டி என்று அவள் கைக்கு வராதது இல்லை. ஆனால் கார் வைத்திருக்கிற யாரும் அவளை நம்பி வண்டியை விட்டதில்லை. அது அவளுக்குள்ளே ஒரு முள்ளாகக் கிடந்தது. வாய்விட்டுச் சொல்லமாட்டாள். நல்ல கார் ஏதாவது தெருவில் போனால் கையில் இருக்கிற ஸ்பேனர் நின்றுவிடும், எனக்குத் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் மாட்டுங்காவிலிருந்து வேங்கடசுப்ரமணியன் சார் வந்தார். கப்பல் கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய சிவப்பு முஸ்டாங் ஒன்று வைத்திருந்தார். அமெரிக்க வண்டி, மூக்கு நீளம், உறுமினால் கடைப் பலகை அதிரும். வாலிப வயசில் வாங்கினாராம். அந்தக் காலத்தில் ரேஸ் வண்டிகளுக்குப் போட்ட அகலமான வீல்தான் இதற்கும் வேண்டும் என்பது அவருக்குத் தீராத ஆசை. அசல் கிடைக்காது. அதே அச்சில் இப்போது வார்த்த நகல் வீல் வாங்கி வந்திருந்தார். அகல டயரும் கூடவே.

"ரெண்டு கராஜ்ல காட்டியாச்சும்மா. பின்பக்க மட்கார்டோட விளிம்பை வெட்டினாத்தான் டயர் உரசாதுன்னு சொல்றா. நேக்கு மனசு வரலை. இத்தனை வருஷத்துல இதும்மேல ஒரு கத்தி பட்டதில்லை, கேட்டேளா."

கோகிலவாணி வண்டியைச் சுற்றி வந்தாள். மட்கார்டுக்குள் கையை விட்டுத் தடவினாள்.

"வெட்டாம மாட்டித் தாரேன், சார்."

"நிஜமாத்தான் சொல்றேளா?"

"வெட்டித்தான் ஆகணும்னு வந்தா பழைய வீலையே திரும்ப மாட்டி உங்க வாசல்ல கொண்டு விட்டுருதேன். அதுக்கப்புறம் எந்தக் கார்லயும் நான் கை வைக்க மாட்டேன்."

எனக்குத் திக்கென்றது. தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. எதிர்க்கடை கரீம் பாட்சா, தகடு வேலைக்காரர், வாய்த்துடுக்கு. அங்கிருந்தே கூப்பிட்டார்: "மதினி, தகடு அறுக்குற என் கிரைண்டர் சும்மாதான் கெடக்கு. வெக்கப்படாம கேளுங்க!"

"முதல்ல அத வச்சு உங்க தாடியச் செதுக்குங்க, அண்ணே."

மறுநாள் வீல் ஏறியது. வண்டி, மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி நின்றது. நின்ற நிலையில் டயர் உச்சிக்கும் விளிம்புக்கும் நடுவே அவள் விரல் தாராளமாகப் போய் வந்தது. ஓட்டிப் பார்க்கும் முன்னே பூஜை போட வேண்டும் என்று நான் சந்தனக் கிண்ணத்தோடு போனேன். வழக்கமாகப் பொட்டு முன்பக்கத்துக்குத்தான் வைப்போம். புதுசாக வந்திருப்பது சக்கரம்தானே என்று நான் நாலு டயரின் வெளிப்பக்கத்திலும், மேல் ஓரம் வரைக்கும் சுற்றிச் சுற்றிக் கெட்டியாகப் பூசி, குங்குமம் வைத்தேன்.

"மாட்டுப்பொங்கலுக்கு மாட்டுக்குப் பூசுன மாதிரில்லா இருக்கு!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "துடைக்கவும் முடியாது, சாமி குத்தம்பீங்க. போகட்டும்."

எலுமிச்சம்பழம் நசுங்கியது. சார் ஓட்ட, இவள் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். தெருமுனை ஸ்பீடு பிரேக்கரில் ஏறித் திரும்பும்போது கேட்டது. கர்ர்ர்ர். மரத்தை ரம்பம் அறுக்கிற சத்தம்.

வண்டி திரும்பி வந்து நின்றது. சார் முகத்தில் ரத்தம் இல்லை. கரீம் பாட்சா கிரைண்டரைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வெளியே வந்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல, மதினி. சும்மா காத்து வாங்க வந்தேன்."

அவள் சாக்கை விரித்துக் கீழே படுத்தாள். பிள்ளையாரப்பா, இவள் வாக்கை நீதான் காப்பாத்தணும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய கண்ணைத் திறக்க வைத்தது அவள் குரல்தான்.

"ஏங்க, இங்க வாங்க. சந்தனத்த ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தான் பூசுனீங்களா?"

"ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா வைப்பேன்? நாலுக்கும் ஒரே கைதான்."

"நிச்சயமா?"

"பிள்ளையார் மேல சத்தியமா."

எழுந்து வந்து சாரைக் கூப்பிட்டாள். இடப்பக்க மட்கார்டு விளிம்புக்கு உள்ளே நீளமாக மஞ்சள் கோடு. டயரில் இருந்த சந்தனம் உரசி அங்கே ஒட்டியிருந்தது. வலப்பக்கம் போய்ப் பார்த்தால் துளி இல்லை.

"வீல் அகலமா இருக்கதுதான் காரணம்னா ரெண்டு பக்கமும்லா ஒட்டியிருக்கணும்? ஒரு பக்கம் மட்டும் எப்படி ஒட்டும்?"

ஒரு நட்டை நூலில் கட்டி விளிம்பிலிருந்து தொங்கவிட்டாள். வலப்பக்கம் சக்கரம் உள்ளே தள்ளி நின்றது. இடப்பக்கம் நூலை முட்டப் பார்த்தது. இரண்டு பின்சக்கரத்தையும் சேர்க்கிற அச்சே இடப்பக்கமாக நகர்ந்து நின்றிருக்கிறது. அச்சைத் தாங்குகிற கமான் பட்டையின் முனையில் இருக்கும் புஷ் என்கிற ரப்பர் உருளை, வருஷக்கணக்கில் நசுங்கித் தேய்ந்து வழிவிட்டிருக்கிறது. ஒல்லியான பழைய வீல் இருந்த வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை.

"புது வீலு மேல பழி போட்டாச்சு, சார். கோணலா நின்னது அச்சு."

குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் நைலான் புஷ் கடைந்து வாங்கி வந்தாள். மாட்டும்போது அச்சை நெம்பி நடுவுக்குக் கொண்டுவர ஒரு ஆள் பலம் போதவில்லை. கரீம் பாட்சா கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு, கடப்பாரையோடு மறுபக்கம் வந்து படுத்தார். "இத வெளிய யார்ட்டயும் சொல்லாதீங்க மதினி, பிழைப்பு கெட்டுப்போகும்" என்றார். போல்ட்டை ஜாக்கியில் தூக்கி வைத்தபடி அவள் முறுக்கவில்லை. வண்டியைத் தரையில் இறக்கி, குலுக்கி, அது தன் கனத்தில் உட்கார்ந்த பிறகுதான் முறுக்கினாள்.

"இனிமே போலாமா?" என்றார் சார்.

"ஆள் ஏறாம என்ன சோதனை, சார்? ஏங்க, சந்தனம் அரைச்சிட்டு வாங்க. கெட்டியா."

பிள்ளையாருக்கு அரைக்கிற கல்லில் டயருக்கு அரைப்பதா என்று எனக்கு ஒரு நிமிஷம் தயக்கம். அவரும் அகலமான உடம்புக்காரர்தானே, கோவிக்கமாட்டார் என்று அரைத்தேன். பழைய மஞ்சள் கோட்டை அவள் துடைத்தெடுத்ததும் டயர்களில் மறுபடி பூசினேன்.

கோயிலில் கஞ்சி ஊற்றிவிட்டு வந்துகொண்டிருந்த மீனாட்சியம்மாளை இவள் மறித்தாள். எங்கள் சந்திலேயே கனத்த சரீரம், தங்கமான மனசு.

"அக்கா, பின்சீட்ல ஏறுங்க. இடப்பக்கமா."

"என்னட்டி, என்னைய எடைக்கல்லுன்னு நினைச்சியா?"

"எடைக்கல்லு எங்க கிடைக்கி? நீங்கதான் இருக்கீங்க. சாமி பூசுன வண்டி, ஏறுங்க."

மீனாட்சியம்மாள் ஏறினாள், வண்டி ஒரு பக்கம் தாழ்ந்தது. கஞ்சிப் பானையோடு வந்த இன்னொருத்தியும் உள்ளே நுழைந்தாள். டிக்கியில் என் முதலாளியின் தோல் கட்டுகளை ஏற்றினோம். முனை ஸ்பீடு பிரேக்கரில் சார் வேண்டுமென்றே வேகமாக ஏற்றி வளைத்தார். "ஐயோ, எம்மா!" என்று மீனாட்சியம்மாள் போட்ட சத்தம்தான் கேட்டது. வேறு சத்தமே இல்லை. குழியில் விட்டார். அந்தப் பக்கம் வளைத்தார், இந்தப் பக்கம் வளைத்தார். தெருப் பெண்கள் ஒவ்வொரு வளைவுக்கும் குலவை போட்டார்கள்.

வண்டி நின்றதும் சார் இறங்கி ஓடிவந்து இரண்டு பக்க விளிம்பிலும் உள்ளே விரல் விட்டுத் துழாவினார். விரலைக் கரீம் பாட்சாவுக்கு நீட்டிக் காட்டினார். சந்தனம் இல்லை, தெருப்புழுதி மட்டும்தான் இருந்தது.

"ஒரு இழை தகடு போகலை பாருங்கோ! ஒரு இழை!" என்று எல்லோரிடமும் சொன்னார். பிறகு சாவியை இவளிடம் நீட்டினார். "மாட்டுங்கா வரைக்கும் நீங்கதான் ஓட்டிண்டு வரணும். நான் பின்னாடி உக்காந்துண்டு என் வண்டி எப்படிப் போறதுன்னு பாக்கறேன்."

கோகிலவாணி கையைத் துணியில் துடைத்தாள். துடைத்த கையை மறுபடி ஒருமுறை துடைத்தாள். அப்புறம்தான் சாவியை வாங்கினாள்.

அந்த வண்டிக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம். நான் வலப்பக்கம் உட்கார்ந்தேன். லேபர் கேம்ப் தாண்டி கிங்ஸ் சர்க்கிள் சிக்னலில் நின்றபோது பக்கத்து டாக்ஸிக்காரன் கண்ணாடியை இறக்கி வீலையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "சாச்சா, க்யா மஸ்த் காடி! இந்த ஜோரான வண்டி எந்த கராஜ்ல செஞ்சது?" என்று ஹிந்தியில் கேட்டான். அப்போதுதான் என் முன்னால் ஸ்டீயரிங்கே இல்லை என்று கண்டு வாயைப் பிளந்தான்.

எனக்கு ஹிந்தி அரைகுறை. அன்றைக்கு மட்டும் அது தடையில்லாமல் வந்தது. "மேரி பீவி கா கராஜ். தாராவி", என் பெண்டாட்டியோட கராஜ் என்று சொல்லி, ஸ்டீயரிங் பக்கம் கையைக் காட்டினேன். பின்சீட்டில் மடங்கி உட்கார்ந்திருந்த சாரும் தலையை நீட்டி, "ஹாங், ஹாங், இவா கராஜ்தான்!" என்றார்.

டாக்ஸிக்காரன் குனிந்து அவளைப் பார்த்து சலாம் வைத்தான்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "பச்சை விழுந்துட்டு. ரெண்டு பேரும் பேச்ச நிறுத்துங்க, சத்தம் வருதான்னு நான் கேக்கணும்" என்றாள்.

நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். வண்டி சர்க்கிளைச் சுற்றி வளைந்தது. சக்கரப் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.