‘தானா வந்துச்சுங்களா?’ – நல்லூர்ப் பொத்தான் பட்டறைக்குப் போன கதை

போன வாரம் இந்த வலைப்பூவில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “திருப்பூர்ப் பக்கம் சின்ன பிளாஸ்டிக் பட்டறைகளைப் பார்க்கப் போகிறேன். கழிவை என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. எதையெல்லாம் கவனிக்கலாம்?” நான் பட்டறைப் பக்கம் போயே பல வருடம் ஆகிறது. ஆனாலும் முதன்முதலாகப் போன பயணத்தைச் சொன்னால் அதிலேயே பாதிப் பதில் வந்துவிடும். மீதிப் பாதி என் முட்டாள்தனம். அதையும் சேர்த்தே எழுதுகிறேன். சிரிக்க வந்தால் தாராளமாகச் சிரியுங்கள்.

எழுபதுகளின் நடுவில், ஓர் ஆடி மாதம். எனக்கு இருபத்து மூன்று வயது. பெரம்பூரில், கையால் இயக்கும் பிளாஸ்டிக் வார்ப்பு மெஷின் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை. மெஷின் ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. மேலே சூடான குழாய், கீழே இரும்பு அச்சு, பக்கத்தில் நீளமான கைப்பிடி. குழாயில் பிளாஸ்டிக் குருணையைக் கொட்டி உருக்கி, கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் குழம்பு அச்சுக்குள் இறங்கும். ஆறியதும் திறந்தால் ஒரே குச்சியில் எட்டுப் பொத்தான். பொத்தானை ஒடித்து எடுத்தால் குச்சி மிஞ்சும். அந்தக் குச்சிதான் கழிவு.

நல்லூரில் சரஸ்வதி என்ற அம்மா எங்களிடம் ஒரு மெஷின் வாங்கியிருந்தார். பத்து வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாக ஒரு தொழில் என்று துணிந்து இறங்கியவர். குழந்தைகள் பனியனுக்கு வெள்ளைப் பொத்தான் செய்தார். காதர்பேட்டை வியாபாரி இபுராகிம் பாய் அதை இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். காரணம், வெள்ளைப் பொத்தானில் கரும்புள்ளி. “சூடு அதிகம், குறையுங்கள்” என்று நான் இரண்டு கடிதத்தில் உபதேசம் செய்திருந்தேன். மூன்றாவதாக அவரிடமிருந்து இப்படி வந்தது: “ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குப் பாய் வருகிறார். சுத்தமாக ஐந்து குரோஸ் கொடுக்காவிட்டால் இனி பம்பாய்ப் பொத்தான்தான் என்று சொல்லிவிட்டார். அப்புறம் மெஷினை உங்களிடமே கொடுத்துவிட்டு நான் பழையபடி செக்கிங்குக்குப் போகவேண்டியதுதான்.” ஐந்து குரோஸ் என்றால் அறுபது டஜன். கடிதத்தின் அடியில் தனியாக ஒரு வரி: “தானா கட்டாயம் வரவேண்டும்.”

வேறு யாரையும் அனுப்பாமல் நானே தானாக வரவேண்டும் என்கிறார் போல என்று நினைத்து, எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதலாளி புது அச்சு ஒன்றை என் தகரப் பெட்டியில் வைத்தார். இரண்டு மூட்டை புதுக் குருணையை அதே ரயிலில் பார்சல் போட்டு, ரசீதை என் சட்டைப் பையில் திணித்தார்.

சனிக்கிழமை காலை ரயில். திருப்பூரில் இறங்கும்போது மதியம் இரண்டு இருபது. இறங்கியதும் ஆடிக்காற்று வேட்டியைக் கொடியாக்கிவிட்டது. ஸ்டேஷன் வாசலில் அந்த அம்மா அனுப்பிய வேலுச்சாமி என்ற குதிரைவண்டிக்காரர் எனக்காகக் காத்திருந்தார். என் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் பல்லாகக் கேட்டார்.

“ஏனுங்க சார், தானா வந்துச்சுங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. ‘ங்க’ போட்டு மரியாதை கொடுத்துவிட்டு, அதே மூச்சில் ஆளை ‘வந்துச்சு’ என்று மாடு கன்று மாதிரி பேசுகிறாரே! ஊர் வழக்கு இப்படித்தான் போலிருக்கிறது என்று பொறுத்துக்கொண்டேன்.

“தானாத்தான்!” என்றேன், கொஞ்சம் முறைப்பாகவே.

“அப்பப் போலாமுங்க” என்று பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டார். மூட்டைகளை? ரசீதை அந்த அம்மாவிடம் கொடுத்தால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன். எனக்குப் பசி வேறு. வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒன்றேகால் ரூபாய்க்கு முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். அரிசியும் பருப்புமாக ஒரு சாதம் போட்டு, மேலே நெய் விட்டார்கள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். நல்லூர் ஐந்து கிலோமீட்டர், வண்டிக் கூலி இரண்டு ரூபாய். போய்ச் சேரும்போது மூன்றே முக்கால்.

தெருவில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் சத்தம். சரஸ்வதியக்கா வாசலுக்கே ஓடி வந்தார். முப்பது வயதிருக்கும். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி, “வாங்க தம்பி, வாங்க. தானா எங்கீங்க?” என்றார்.

“நான்தாங்க அது.”

“நீங்க சரிங்க. தானா?”

“தானாத்தாங்க வந்தேன். கூட யாரும் வரவில்லை.”

“பொட்டிக்குள்ள இருக்குதுங்கக்கா. என்ன கனங்கிறீங்க!” என்று வேலுச்சாமி பெட்டியை இறக்கித் திறந்தார். உள்ளே அச்சு, ஸ்பேனர்கள், இரண்டு வேட்டி, அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு. மூன்று பேரும் முறுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“தானான்னா குருணைங்க தம்பி!” என்றார் அக்கா. “பம்பாய்க்காரங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க. இங்க எல்லாருக்கும் அதே பேருதான்.”

நான் சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினேன். பார்சல் ஆபீஸ் நாலு மணிக்குப் பூட்டிவிடும். ஞாயிறு விடுமுறை. வேலுச்சாமி தன் குதிரையைத் திரும்பிப் பார்த்தார். அது ஏற்கெனவே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒருவருடைய பிழைப்பை நெய்ச் சோற்றுக்கு விற்றுவிட்டோமே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா ரசீதை வாங்கிப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். “தானாத்தான்னு வேற சொன்னாருங்கக்கா!” என்று வேலுச்சாமியும் சேர்ந்துகொள்ள, கடைசியில் நானும் அசடு வழியச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு சாக்குகளை இழுத்துப் போட்டார். ஒன்றில் இத்தனை நாள் மிஞ்சிய குச்சிகள், இன்னொன்றில் பாய் திருப்பி அனுப்பிய பொத்தான்கள்.

“எரிச்சுப் போடச் சொன்னாங்க, நாந்தான் மாட்டேன்னுட்டேன். பின்னால தெருவுல ஒருத்தர் எரிச்சு, கரிப்புகை பூரா சலவைக்காரங்க காயப்போட்ட துணியில படிஞ்சு, பெரிய ரகளையாப் போச்சுங்க. இத வெச்சு ஆகுமுங்களா?”

ஆகும். இந்த வகை பிளாஸ்டிக்கை உடைத்துத் திரும்ப உருக்கலாம். ஆனால் புள்ளி? அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. பந்தாவாக மெஷின் முன்னால் உட்கார்ந்து, சூட்டைக் குறைத்து, நல்ல குச்சிகளாகப் பொறுக்கிப் போட்டு இழுத்தேன். எட்டுப் பொத்தான், எட்டிலும் கரும்புள்ளி. இன்னும் குறைத்தேன். பொத்தான் அரைகுறையாக வந்தது, புள்ளி மட்டும் முழுசாக வந்தது. என் உபதேசக் கடிதங்கள் இரண்டும் சுவரில் ஆணியில் தொங்கின. அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

அக்கா ஒரு பொத்தானை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பத்து வருடம் பனியன் துணியை இப்படி வெளிச்சத்தில் விரித்து ஓட்டை தேடிய கண் அது. கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இது கருகுன பிளாஸ்டிக் இல்லீங்க. புள்ளியா இல்லாம நீட்டமா இருக்குது பாருங்க. இது நூலுங்க!”

அப்போதுதான் அந்த அறையையே ஒழுங்காகப் பார்த்தேன். மெஷினுக்கு நாலடி தள்ளி, வீட்டார் கூலிக்குப் பனியன் வெட்டும் மேசை. காற்று அடிக்க அடிக்கப் பஞ்சுத் தூசி பறந்தது. ஒரு குச்சியை வேட்டியில் நாலு தேய் தேய்த்து மேசைப் பக்கம் நீட்டினேன். தலை சீவிய சீப்பில் காகிதத் துணுக்கு ஒட்டுகிற மாதிரி பஞ்சு தாவி வந்து ஒட்டிக்கொண்டது. அதுதான் குழாய்க்குள் போய்க் கருகியிருக்கிறது. பெரம்பூரில் ஏது பனியன் பஞ்சு? எனக்கு எப்படித் தெரியும்? சந்தோஷத்தில் “அக்கா!” என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுத் தையல் மெஷின்கள் நின்றுவிட்டன.

இருட்டுவதற்குள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். புள்ளி உள்ளது ஒரு பக்கம், சுத்தமானது ஒரு பக்கம். அந்த வேகம் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். முதல் வேலை, மெஷினை வெளியேற்றுவது. பஞ்சு இல்லாத இடம் அந்த வீட்டில் ஒன்றுதான், பின்னால் மாடு கட்டும் கட்டுத்தரை. அங்கே இருந்த எருமையை வேப்பமரத்தடிக்கு மாற்றினோம். கழுவி விட்டு, தூசி எழும்பாமல் தண்ணீர் தெளித்து, வேலுச்சாமியும் நானும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் உலர்ந்த மூலையில் நிறுத்தி ஒயர் இழுத்தோம். எருமை அன்று முழுக்க எங்களையே முறைத்துக்கொண்டிருந்தது.

பொறுக்கிய சுத்தமான குச்சிகளையும் பொத்தான்களையும் கிணற்றுத் தண்ணீரில் மூன்று முறை அலசி, தாம்பாளங்களில் பரப்பி, சல்லடையால் மூடி வெயிலில் காயவைத்தோம். துணியால் துடைக்கக் கூடாது என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். துடைத்தால் மறுபடி பஞ்சு. காய்ந்ததை இரும்பு உரலில் போட்டு இடித்தோம். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி அந்தக் குருணைக்குள் விட்டுத் துழாவியதில் உரல் துகள் நாலைந்து ஒட்டி வந்தது. விட்டிருந்தால் என் புது அச்சு போயிருக்கும்.

பன்னிரண்டே முக்காலுக்கு முதல் இழுப்பு. அச்சைத் திறந்து அக்கா கையில் கொடுத்தேன். அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

“ஒண்ணுகூட இல்லீங்க தம்பி” என்றார்.

அதற்கப்புறம் மாறி மாறி இழுத்தோம். புதிதாக விழுந்த குச்சி தரையைத் தொடாமல் நேராக மூடிபோட்ட போசிப் பாத்திரத்துக்குள் போனது. மூன்றே காலுக்கு ஐந்து குரோஸும் முடிந்தது. அப்போதுதான் யாரும் மதியம் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்து, என் முறுக்கைப் பங்கு போட்டோம்.

சொன்னபடி நாலு மணிக்கு இபுராகிம் பாய் வந்தார். குடையைச் சாத்திவிட்டு, கறுப்புத் துணி ஒன்றை விரித்து, பொத்தான்களைக் கொட்டி விரலால் பரப்பினார். கடைசியில் ஒன்றை எடுத்து ஒடித்து, உள்ளேயும் பார்த்தார்.

“சுத்தமா இருக்கு தங்கச்சி. நிறம் மட்டும் கொஞ்சம் மங்கல். புதுத் தானா வந்துச்சா?”

‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மங்கலுக்குப் புதுச் சரக்கின் மேல் பழி போட்டுவிடலாம். மெஷின் அக்காவிடமே இருக்கும். நான் அக்காவைப் பார்த்தேன். சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று என் மனசு அடித்துக்கொண்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

“இல்லீங்க பாய்” என்றார் சரஸ்வதியக்கா. “நீங்க திருப்பி அனுப்புனதும் மிச்சக் குச்சியுந்தான். தானா வரலீங்க. நாங்க வர வெச்சமுங்க.”

பாய் ஒரு கணம் விழித்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். “மங்கல்னா போகுது. நாலு தடவ தொவச்சா என் பனியனும் அந்த நிறந்தான். ஆனா பழசு போட்டது தனி மூட்டை, தனிச் சீட்டு. எனக்குத் தெரிஞ்சு வாங்கணும். சம்மதமா?”

“சம்மதமுங்க!”

“அப்பப் பம்பாய்க்குக் கடுதாசி வேணாம்” என்றபடி கறுப்புத் துணியை மடித்தார். அக்கா கட்டுத்தரைக்குப் போய் மெஷின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

திங்கட்கிழமை மூட்டைகளை எடுத்து வந்து, மூன்று பங்கு புதுசுக்கு ஒரு பங்கு பழசு என்று அளந்து கலந்து காட்டினேன். மங்கலும் போனது. மெஷின் கட்டுத்தரையிலேயே தங்கிவிட்டது, எருமைக்குப் புதுக் கொட்டகை போட்டார்கள்.

ஆக, போகிறவர்களுக்கு: மெஷினைப் பார்க்கும் முன் குச்சி எங்கே விழுகிறது என்று பாருங்கள். தரையிலா, மூடிய பாத்திரத்திலா? நிறம் நிறமாகப் பிரித்து வைத்திருக்கிறார்களா, பின்பக்கம் எரித்த கரி இருக்கிறதா? பழசு கலந்ததை வாங்குகிறவரிடம் சொல்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். ஆடியில் போனால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், காற்று பொல்லாதது. அரிசியும் பருப்பும் போட்ட சாதம் கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் வேலையை முடித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

திரும்பும்போது ஸ்டேஷனில் வேலுச்சாமி கூலி வாங்க மறுத்துவிட்டார். ரயில் நகரும் வரை ஜன்னலோரமே நின்றவர், கடைசி நிமிடத்தில் உரக்கக் கேட்டார்: “சார், அடுத்த தடவ தானா வருவீங்களா, தானாவோட வருவீங்களா?”