காலி வண்டியின் பாரம்

மளிகைக்கடைச் சரக்கெடுக்க வாங்கிய ஆம்னி அது. கடை நொடித்ததும் ஜெயசுதா லைசென்ஸ் எடுத்தாள். ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்களை விக்கிரமங்கலத்திலிருந்து அரியலூருக்கு ஏற்றிப்போனாள். பிள்ளை இருமுவது கேட்கும் முன்பே வண்டி இருமுவது அவளுக்குக் கேட்டுவிடும் என்பான் கணவன் கலைவாணன்.

சித்திரை வெயிலில் ஒருநாள், எல்லோரையும் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினாள். கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குழியை ஒட்டிய மேட்டில் இன்ஜின் படபடவென்று அடித்தது, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கியதுபோல. மேடு முடிந்து சமதரை வந்தும் ஓயவில்லை. ஊருக்குள் நுழைந்ததும் சத்தம் தானாக நின்றுவிட்டது.

"பெட்ரோலு நேரத்துக்கு முந்தியே வெடிக்குதுக்கா," என்றான் மெக்கானிக் செல்லதுரை. "பிஸ்டன் மேல ஏறிட்டிருக்கயிலயே மண்டையில அடி விழுது. டைமிங்கப் பின்னால தள்ளி வைக்கிறேன். ஆக்டேன் கூடுன பெட்ரோலாப் போடுங்க."

அப்படியே செய்தார்கள். மறுநாள் வண்டி நிறையப் பெண்களோடு அந்த மேட்டில் ஏறியபோது சத்தமே இல்லை. காலியாகத் திரும்பும்போது மறுபடி அடித்தது.

செல்லதுரையே கூட வந்து பார்த்தான். குழியருகே சத்தம் எழுந்ததும் காதைச் சாய்த்துக் கேட்டான்.

"பாரம் இருந்தாத்தான்க்கா இப்புடி அடிக்கும்."

அவன் பின்னால் திரும்பவில்லை. ஜெயசுதா கண்ணாடியில் பார்த்தாள். சீட்டில் யாருமில்லை. ஆனால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, முன்கண்ணாடியில் வழக்கத்தைவிட அதிகமாக வானம் தெரிந்தது.

ஊர் எல்லையில் நிறுத்திப் பக்கக் கதவை இழுத்துத் திறந்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல், தினமும் சொல்வதையே சொன்னாள்.

"எடம் வந்துட்டு. பாத்து எறங்குங்க."

காற்று அசையவில்லை. அடியில் ஸ்பிரிங் பட்டை முனகியது. வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்தது. நின்றது. மறுபடி உயர்ந்தது. கடைசியாக எழும்பியது மிகக் கொஞ்சம், ஒரு குழந்தை இறங்கினால் எழும்புமே, அவ்வளவுதான்.

செல்லதுரை அங்கிருந்து நடந்தே பட்டறைக்குப் போனான்.

வண்டியை விற்றுவிடச் சொன்னான் கலைவாணன்.

"வாங்குறவன் கதவத் தொறந்து விடுவானா?" என்று கேட்டாள் ஜெயசுதா.

இன்றும் அவள்தான் ஓட்டுகிறாள். குழியருகே சத்தம் கேட்டால் வேகத்தைக் குறைத்து, பள்ளம் மேடு பார்த்துப் போகிறாள். எல்லையில் கதவைத் திறந்துவிட்டு, எல்லோரும் இறங்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.