கணவாயை நடந்து கடந்தவள்

பூங்காவனத்தைப் பற்றி, மலாயாவில் எங்கள் ஊரான காஜா பெராங்கில் இரண்டு பேச்சு உண்டு. ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடியிருந்த மண்டபத்தில் கட்டிய புருஷனை அவமானப்படுத்தியவள் என்பது ஒன்று. நாலு வயதுக் குழந்தையோடு ஐரோப்பா முழுக்க இழுத்தடிக்கப்பட்ட பாவப்பட்ட ஜென்மம் என்பது மற்றொன்று. இரண்டுமே பொய். அவளை வசைபாடியவர்களைவிட, அவளுக்காகப் பரிதாபப்பட்டவர்கள் மேல்தான் அவளுக்கு எரிச்சல் அதிகம். நான் அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவள். அன்றைக்கு அந்த மண்டபத்திலும் இருந்தேன். அதனால் சொல்கிறேன்.

அவள் அப்பா அப்பாசாமி, ரப்பர் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து சாலை வேலையில் சேர்ந்தவர். பூங்காவனம் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை படித்தாள். ஜப்பான்காரன் காலத்தில் புக்கிட் பாருவுக்கு அப்பால் போய் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கித் தலையில் சுமந்து வந்த பெண்பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. நல்ல உயரம். அவளோடு பாசார் சந்தைக்குப் போனால் நாங்கள் ஓட வேண்டியிருக்கும், அவ்வளவு வேகமாக நடப்பாள். அவளைக் கட்டியவர் ஜெயபாலன், ஆங்கிலப் பள்ளி ஆசிரியர். மேடையில் ஏறினால் அவர் பேச்சைக் கேட்க ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வருவார்கள். அப்படி ஒரு நாக்கு.

ஐம்பத்தாறில் பண்டா ஹிலிர் திடலில் மலாயாவின் சுதந்திரத் தேதியை அறிவித்தார்களே, அதற்கு அடுத்த வருஷம் அவருக்கு இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. பூங்காவனமும் மகள் விஜயாவும் வேறொரு கப்பலில் பின்னாலேயே போனார்கள். உபகாரச் சம்பளம் ஒரு ஆளுக்குத்தான் போதும் என்பதால், வடக்கே ஒரு குளிர்ந்த ஊரில் அவள் சலவைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். நம் நாடு விடுதலையடைந்த அன்று ஜெயபாலன் மாணவர் கூட்டத்தில் கொடியேற்றிப் பேசினார். அவள் அந்த நேரத்தில் ஆவி பறக்கும் இயந்திரத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

படிப்பு முடிந்ததும் ஒருநாள் அவர் இரண்டு கான்வாஸ் முதுகுப் பைகளோடு வீட்டுக்கு வந்தார். போரில் சிப்பாய்கள் சுமந்த பழைய பைகள்.

"ஊருக்குப் போற கப்பல இத்தாலியில ஜெனோவாவுல புடிக்கிறோம். அது வரைக்கும் ஐரோப்பா முழுக்க நடை. லாரி கெடைச்சா லாரி. எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றார்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்ப."

அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாள். அவளே பிறகு என்னிடம் சொன்னது அது. கேட்கவில்லையே என்ற கோபத்தோடுதான் பையைத் தோளில் மாட்டினாளாம்.

கடலைக் கடந்து பெல்ஜியத்தில் இறங்கினார்கள். அவர் பையில் வரைபடமும் புத்தகங்களும் கேமராவும். அவள் பையில் அரிசி, பானை, மூன்று பேருடைய துணி, குழந்தையின் மருந்து. விஜயா நடந்து களைத்தால் பாத்தேக் சாரோங் துணியைத் தோளில் கட்டி இடுப்பில் தூக்கிக்கொள்வாள். உருளைக்கிழங்கு லாரியிலும் வைக்கோல் வண்டியிலும் ஏறிப் போனார்கள். இளைஞர் விடுதிகளில் ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம். அவர் போய் நிம்மதியாகப் படுத்துக்கொள்வார். குழந்தை அவளோடு. ஜெர்மனியில் பெரிய மாதா கோயிலைச் சுற்றி இன்னமும் காலி மனைகள். வீடுகள் இருந்த இடத்தில் புல் முளைத்துக் கிடந்தது. அங்கே ஒரு கிழவி விஜயாவின் கன்னத்தைத் தடவிவிட்டு, தன் வீடு நின்ற இடத்தைக் கைகாட்டி அழுதாளாம். "எங்க ஊர்லயும் குண்டு விழுந்துச்சு பாட்டி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அவளோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள் பூங்காவனம். ஜெயபாலன் எட்ட நின்று, நேரமாகிறது என்று கூப்பிட்டபடி இருந்தார்.

முதலில் இருந்த கோபம் வழியில் எங்கோ கரைந்துபோனது. நடை அவளுக்குப் பிடித்துவிட்டது. காலையில் பையைத் தூக்கும்போதே உடம்பு கேட்கும் என்பாள். புதுச் சாலை, பேர் தெரியாத ஆறு, ரொட்டி வாசம். யாருக்கும் டீ கலக்க வேண்டாம், யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாம். விஜயாவோ வழியில் பார்த்த மாடுகளுக்கெல்லாம் பேர் வைத்துக்கொண்டு வந்தாள்.

சுவிட்சர்லாந்து மலையடிவாரத்துக்கு வந்தபோது ஜெயபாலனின் குதிகால் வெடித்துச் சீழ் பிடித்துவிட்டது. புது பூட்ஸ்தான் வேண்டும் என்று வாங்கியவர் அவர். எதிரே கோட்ஹார்ட் கணவாய். அதன் மேல் ஏறி வளைந்து வளைந்து போகும் சாலை, அந்தப் பக்கம் இத்தாலிய மொழி பேசும் ஊர்கள். கீழே மலையைக் குடைந்து ரயில் போகிறது. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார்.

"போதும் பூங்காவனம். ரயில் ஏறி நேரா ஜெனோவா போயிருவோம். கப்பல் வர்ற வரைக்கும் அங்கயே கெடப்போம். என்னால முடியல."

அவள் சுடுதண்ணீர் வாங்கி வந்து காலைக் கழுவிக் கட்டுப் போட்டாள். கேலியாக ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு சொன்னாள்:

"நீங்க ரயில்ல போங்க. மலைக்கு அந்தப் பக்கம் மொத ஸ்டேசன்ல எறங்கி இருங்க. நானும் புள்ளையும் நடந்து வர்றோம்."

"பைத்தியமா உனக்கு? பொம்பள தனியா?"

"இவ்ளோ தூரம் யாரு தூக்கிட்டு வந்தா? நீங்களா?"

அவர் எழுந்தார். கேமரா கனக்கிறது என்று அதையும் அவள் கழுத்தில் மாட்டிவிட்டு நொண்டிக்கொண்டே ரயிலுக்குப் போனார்.

புடவை மேல் இரண்டு கம்பளிச் சட்டை, ஆம்பளை பூட்ஸ், முதுகில் பை, இடுப்பில் குழந்தை. அப்படியே ஏறினாள். பாதிப் பாதையில் சாலை வேலை செய்துகொண்டிருந்தவர்கள் மண்வெட்டியை ஊன்றி நின்று பார்த்தார்கள். அப்பாவின் சோலிதான் அவர்கள் சோலியும் என்று கண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் கொடுத்த பாலாடைக்கட்டியை விஜயா துப்பினாள், இவள் தின்றாள். உச்சியில் ஏரி, கரையில் கோடையிலும் உருகாத பனி. விஜயா பனியைக் கையில் அள்ளி "ஐஸ் கச்சாங்!" என்று கத்தினாள். நம் ஊரில் ஐஸைத் துருவிச் சர்பத் ஊற்றிக் கொடுப்பார்களே, அதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. கேமராவை எப்படிப் பிடிப்பது என்று அதுவரை பார்த்து மட்டுமே வைத்திருந்த பூங்காவனம் மகளைப் படம் எடுத்தாள். பிறகு, பக்கத்தில் ஒருவரும் இல்லை என்று பார்த்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் போட்டாளாம். சந்தோஷத்தில் அப்படி ஒரு கூச்சலை அவள் அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை. அன்றிரவு மேலேயே சத்திரத்தில் தங்கி மறுநாள் இறங்கினார்கள்.

ஸ்டேஷனில் காத்திருந்த ஜெயபாலன், "எங்க போயித் தொலைஞ்ச?" என்று நாலு பேர் பார்க்கத் திட்டினார். தனியாக வந்ததும், "இத ஊர்ல போயி சொல்லிக்கிட்டு இருக்காத" என்றார். அவள் சரி என்றாள். கால் புண்ணுக்காக ஒரு ஆம்பளையைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைக்க அவளுக்கு மனமில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவளும் கடைசி வரை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

அவர் மூடிக்கொண்டு இருக்கவில்லை. ஊர் திரும்பியதும் ஊர்த் தமிழர் சங்கத் தலைவர் சேதுபதி, 'ஐரோப்பாவை நடந்து வென்ற மலாயாத் தமிழர்' என்று துணியில் எழுதிக் கட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க மண்டபத்தில் கூட்டம் வைத்தார். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி மறைப்பு. துணிக்கடை ஷரீஃபுதீன் படம் காட்டும் கருவியைக் கடன் கொடுத்து, தானே வந்து இயக்கினார். ஆண்கள் நாற்காலியில். பெண்கள் நாங்கள் பின்னால் பெஞ்சில். பூங்காவனம் விஜயாவை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள்.

'நான் நடந்தேன்', 'நான் சுமந்தேன்', 'நான் சமாளித்தேன்' என்றே போனது பேச்சு. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். திரையில் பனிக்கரையில் நிற்கும் விஜயா வந்தாள். மண்டபமே 'ஆ' என்றது.

"இந்த மலைக் கணவாயை நான் நடந்தே கடந்தபோது எடுத்த படம் இது" என்றார் ஜெயபாலன். "அடிவாரத்தில் என் மனைவி கல்லில் உட்கார்ந்து அழுதாள். முடியாது, ரயிலில் போய்விடலாம் என்றாள். பெண்மனம் அல்லவா! நான்தான் தைரியம் சொல்லி, குழந்தையையும் தோளில் தூக்கிக்கொண்டு..."

கைதட்டல் ஓய வெகுநேரமானது. என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. விஜயா என் மடியில் இருந்தாள். பூங்காவனம் நாற்காலிகளுக்கு நடுவே இருந்த வழியில் நின்றுகொண்டிருந்தாள்.

"பொய்."

ஒரே சொல். அவள் கத்தவில்லை.

சேதுபதி எழுந்தார். "அம்மா, கேள்வி நேரம் பின்னால இருக்கு."

"நான் கேள்வி கேக்கலிங்க. அழுதது இவரு. ரயில்ல போனதும் இவரு. புள்ளையத் தூக்கிக்கிட்டு அந்த மலை ஏறுனது நான். இந்தப் படம் நான் புடிச்சது. கால் புண்ணாயி அழுததுல ஒண்ணும் தப்பில்ல, அத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. என் அழுகைன்னு அத இவரு எப்படிச் சொல்லலாம்?"

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். "வீட்டுச் சண்டைய வீட்டுல வச்சுக்கலாம்லா!" என்றார் இன்னொருவர்.

"வீட்டுச் சண்டையா? வீட்டுலயா மைக் வச்சுப் பேசுனாரு?"

ஜெயபாலனுக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனால் அந்த நாக்கு இருக்கிறதே, அது சும்மா இருக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து மெல்லச் சிரித்தார். "மன்னிக்க வேண்டும். பயணக் களைப்பு இன்னும் தீரவில்லை. அவளுக்குக் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை."

எனக்கே இரத்தம் கொதித்தது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! கருவியிடம் போனாள். "அண்ணே, அந்தப் படத்த எடுங்க" என்றாள். ஷரீஃபுதீன் மேடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். படச்சட்டத்தை உருவி அவள் கையில் வைத்தார். திரை வெள்ளையாகிவிட்டது. அவள் என்னிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மறுவாரம் பத்திரிகையில் செய்தி வந்தது. ஜெயபாலனின் சாதனை, சேதுபதியின் தலைமை, பலத்த கைதட்டல். அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்பாசாமி வந்து, புருஷன் காலில் விழுந்து மன்னிப்புக் கேள் என்றார். "எதுக்குப்பா?" என்று கேட்டாள்.  எதுக்காக இருந்தாலும் கேள் என்றார் அவர்.

அதற்குப் பிறகு சாரதாம்பாள் வந்தார். மாதர் சங்கத்துக்காரர், நல்ல மனுஷிதான். கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம்மா நீ. பச்சப் புள்ளையோட உன்ன நாடு நாடா இழுத்து அடிச்சிருக்காரே" என்றார்.

பூங்காவனம் கையை உதறினாள். "யாரு யார இழுத்தா? நான் நடந்து போனேன்! எனக்குப் புடிச்சு நடந்தேன். அவரு அத எடுத்துக்கிட்டாரு, இப்ப நீங்களும் எடுத்துக்க வந்துட்டீங்களா?"

சாரதாம்பாள் அதன் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

ஜெயபாலனுக்கு மூவார் ஊர்ப் பள்ளிக்கு மாற்றல் வந்தது. அதே மண்டபத்தில் அதே ஆட்கள் முன்னால் உண்மையைச் சொன்னால்தான் உடன் வருவேன் என்றாள் அவள். அவர் தனியாகப் போனார். அவள் அப்பா வீட்டு முன்னறையில் குழந்தையோடு இருந்துகொண்டு, டவுனில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இங்கிலாந்து இயந்திரங்களில் பழகிய கை அது. ஒரு வருஷத்தில் அவளே அங்கே மேற்பார்வை. புருஷனைப் பிரிந்தவள் என்று கோயிலில் ஒதுங்கி நின்றவர்களை நேராகப் பார்த்துக் கும்பிடுவாள். அவர்கள்தான் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

ஒரு பள்ளி விடுமுறையில் ஜெயபாலன் வந்தார். இளைத்திருந்தார். நான் அப்போது அங்கே மாவு கொடுக்கப் போயிருந்தேன், எழுந்து போகவும் முடியவில்லை.

"தப்பு என் மேலதான் பூங்காவனம். நடந்தது நீதான். ஒத்துக்கிறேன்" என்றார்.

"அத ஏன் என்கிட்ட சொல்றீங்க? எனக்குத் தெரியாதா?"

"அங்க போயி எப்படி...? என் வேலை, என் பேரு..."

"அப்ப என் பேரு?"

அவர் அன்று இரண்டு மணி நேரம் விஜயாவோடு விளையாடிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை வருவார். சோறு போடுவாள். 'சாப்பிட்டீங்களா' என்று கேட்பாள். மூவாருக்குப் போகவில்லை. அவரும் மண்டபத்தில் ஏறவில்லை. மேடையில் பேசுவதையே அவர் விட்டுவிட்டதாகக் கேள்வி.

அறுபத்தொன்றில் சலவைக்கூடத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு குனோங் லேடாங் மலை ஏறப்போவதாகச் சொன்னாள். அஞ்சலை, மும்தாஜ், அப்புறம் நான், எங்களோடு ஏழு வயது விஜயா. பொம்பளைகள் மலை ஏறுவதா என்று எங்கள் வீடுகளில் பெரிய ரகளை. பஸ் பிடித்துப் போய், நாங்கள் சமைத்துக் கட்டிய பொட்டலங்களோடு ஏறினோம். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. அட்டை காலில் ஏறியது. அஞ்சலை ஒரு பாறையில் உட்கார்ந்து, இனி ஓர் அடி முடியாது என்று அழுதேவிட்டாள். பூங்காவனம் அவளுடைய மூட்டையை வாங்கித் தன் முதுகில் போட்டுக்கொண்டு, அழுது முடிக்கும் வரை பக்கத்தில் நின்றாள்.

மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் கேட்டேன். "இன்னமும் அவர் மேல கோவமா?"

"ஆமா" என்றாள். "ஏன், இருக்கக்கூடாதா?"

கோபம் ஆற வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். ஆறவில்லை என்றால் அவளிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் கேட்டிருப்பேன் போல. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். மழை விட்டிருந்தது. விஜயா எங்களுக்கு முன்னால் வெகுதூரம் போய்விட்டாள்.