பேசினுக்குள் இருந்த ஆட்டம்

“பிள்ளை, அந்தப் பேசினுக்குள்ள என்ன இருக்கு? வாறவை போறவை எல்லாரும் அதைத்தானே பாக்கினம்.”

புளியங்குளம் சந்தியில் புதுக்குடியிருப்பு பஸ்ஸுக்காக நின்ற ஒரு அம்மா என்னிடம் இப்படிக் கேட்டார். ஓட்டோக்காரரின் கொட்டிலில், ஆட்கள் குந்தும் வாங்கின் மேல், ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசின் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் ஒரு கல். உள்ளே செஸ் பலகை இருப்பது எனக்குத் தெரியும். இத்தனை நாளாக ஏன் ஒருவரும் அதைத் திறக்கவில்லை என்றுதான் சொல்லத் தெரியவில்லை. நான் முழித்துக்கொண்டு நிற்க பஸ் வந்துவிட்டது. அவர் ஏறிப் போய்விட்டார்.

பதில் எனக்குப் பிறகுதான் கிடைத்தது. சொன்னவர் தவராசா.

தவராசா வயல்காரர். நெல்லை நம்பிக் காலம் தள்ள முடியாது என்று கண்ட பிறகு ஓட்டோ எடுத்துச் சந்திக்கு வந்தவர். பள்ளிக்கூடக் காலத்தில் செஸ் பழகினார். இடம்பெயர்ந்து ஓடிய ஓட்டத்தில் பலகை எங்கோ விடுபட்டுப் போனது, ஆட்டம் மட்டும் தலைக்குள் இருந்தது. கொட்டிலுக்குப் புதுப் பலகை வாங்கி வைத்தவரும் அவர்தான். சந்தியில் அவரை வெல்ல ஆளில்லை என்று மற்றவர்கள் சொன்னால், “சும்மா இருங்கோடாப்பா” என்பார். ஆனால் அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோற்றோடு பிசைந்து சாப்பிடுவார்.

பிறகு சஜீவன் வந்தான். அவனுடைய பெற்றோர் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள். இவன் இங்கேயே பிறந்தவன். போனில் பார்த்துப் பார்த்து ஆட்டம் பழகியவன். முதலில் எல்லாம் தவராசாவிடம் தோற்றான். பிறகு சமநிலை கேட்டான். பிறகு வெல்லத்தான் ஆடினான், கேட்பதையும் நிறுத்திவிட்டான்.

கொட்டிலில் ஹயருக்கு, அதாவது வாடகைக்கு ஆள் ஏற்றிப் போவதற்கு, முறை உண்டு. வரிசையில் முன்னுக்கு நிற்கும் ஓட்டோதான் போக வேண்டும். ஆட்டத்தின் நடுவில் முறை வந்தால் பேசினால் பலகையை மூடி, யார் காய் நகர்த்த வேண்டுமோ அவருடைய பக்கத்தில் கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். ஆள் திரும்பி வரும்வரை பேசினை ஒருவரும் நிமிர்த்தக் கூடாது. இன்னொரு சட்டமும் இருந்தது: தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும். அதைக் கொண்டுவந்தவரும் தவராசாதான்.

இருவரும் அந்த ஆட்டத்துக்கு இருந்த அன்று காலையிலிருந்து தூறல். சஜீவன் முதலில் ஒரு மந்திரியைக் கொடுத்தான். தவராசா எடுத்தார். பிறகு ஒரு கோட்டையையும் கொடுத்தான். அதையும் எடுத்தார்.

“தம்பி வீட்டுச் சாமானெல்லாம் விக்கிறான்” என்றார் பக்கத்தில் நின்ற தங்கராசா. ஓட்டோ இல்லாவிட்டாலும் வாய்ச் சவடாலுக்கு அந்தக் கொட்டிலில் அவர்தான்.

“வீடு மாறப் போறன் அண்ணை” என்றான் சஜீவன், பலகையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அடுத்ததாக ராணியைத் தூக்கித் தவராசாவின் ராசாவுக்குக் காவல் நின்ற சிப்பாயின் வாய்க்குள் வைத்தான். தங்கராசாவின் கண் ராணியிலேயே நின்றது.

தவராசாவின் கை போய்ச் சிப்பாயைத் தொட்டது. தொட்ட பிறகுதான் அவருக்கு எல்லாம் தெரிந்தது. அந்தச் சிப்பாய்க்கு ராணியை எடுப்பதைத் தவிர வேறு நகர்வில்லை. எடுத்தால் மறைவில் நின்ற மந்திரிக்கு வழி திறக்கும், மற்றக் கோட்டை இறங்கும், இரண்டு நகர்வில் மேட். அப்படி ஓர் ஆட்டத்தை அவர் தன் வாழ்நாளில் எதிரே இருந்து கண்டதில்லை. அதன் அழகு அவருக்கு விளங்கியது. விளங்கியதுதான் நெஞ்சைச் சுட்டது. விரலை மெல்ல எடுத்தார்.

அந்த நேரம் வவுனியா பஸ்ஸிலிருந்து பொதிகளோடு ஒரு பெண் இறங்கி, “நெடுங்கேணிக்கு ஓட்டோ வருமோ?” என்றார்.

ஹயர் முறை சஜீவனுடையது. தவராசா துள்ளி எழும்பினார்.

“நான் போறன். நீ இருந்து யோசி.”

உண்மையில் அடுத்த நகர்வை யோசிக்க வேண்டியவர் தவராசா. ஓட்டோக் கண்ணாடியில் தவராசா பார்த்தபோது சஜீவன் பேசினைக் கவிழ்த்து, கல்லை அவர் இருந்த பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.

நெடுங்கேணியில் ஆளை இறக்கிய பிறகு தவராசாவுக்குச் சந்திக்குத் திரும்பி வர மனம் வரவில்லை; நேரே வீட்டுக்குப் போனார். அடுத்த நாளும் நெடுங்கேணிக்கே போய்ச் சந்தைப் பக்கம் நின்றார். அங்குள்ள ஓட்டோக்காரர், “அண்ணை, உங்கட இடம் எங்க?” என்று கேட்க, வரிசைக்கு வெளியே தள்ளிப் போய் நின்றார். பின்னேரம் தங்கராசா போன் எடுத்தார்.

“என்ன, நெடுங்கேணியில செஸ் கிளப் துவங்கிட்டியோ? இஞ்ச உன்ர ராசாவுக்கு இண்டைக்கோ நாளைக்கோ எண்டு கிடக்கு.”

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் சஜீவனின் குரல் கேட்டது. “சும்மா விடுங்கோ அண்ணை. அவருக்கு ஹயர். வருவார்.”

அவன் திட்டியிருந்தால் தவராசாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு குசினியில் மனைவி விமலேஸ்வரி கேட்டா: “தங்கராசாவின்ர மனுசி எல்லாம் சொன்னவா. ஒரு விளையாட்டில தோக்கிறதுக்கே இப்பிடி ஒளிச்சுத் திரியிறியள்?”

“தோக்கிறதுக்கில்லை.”

“அப்ப என்னத்துக்கு?”

“அவன்ர ஹயரையும் கொண்டு போட்டனப்பா.”

அவா கறியைக் கிளறுவதை நிறுத்தினா. “ரெண்டு சின்னப் பிள்ளையளோட இருக்கிறவன்” என்று மட்டும் சொன்னா. தவராசா பாதிச் சோற்றோடு எழும்பிவிட்டார்.

ஆனாலும் மனிதரின் மனம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். இவ்வளவு வெட்கத்துக்குள்ளும் பலகை அவருடைய தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் ஓட்டோ ரயருக்குக் காற்று அடித்துக்கொண்டு நின்றபோது ஒரு வழி தெரிந்தது. ராணியை எடுக்கவே கூடாது. குதிரையைப் பின்னுக்குக் கொண்டுவந்து ராசாவின் பக்கத்தில் வைத்தால் வழி அடைபடும். பிறகு சஜீவன் ராணியைப் பின்னுக்கு எடுக்க வேண்டியதுதான். ஏற்கெனவே அவ்வளவு காயைக் கொடுத்துவிட்ட சஜீவனுக்கு அதன் பிறகு ஆட்டமே இல்லை. தவராசா தனியே நின்று சிரித்தார்.

சிப்பாயைத் தொட்டது உடனே நினைவுக்கு வந்தது. யார் கண்டது என்று தனக்குத் தானே சொன்னார். தங்கராசா ராணியைப் பார்த்து வாய் பிளந்து நின்றவர். சஜீவன் கண்டிருந்தாலும் சாட்சி இல்லை.

குதிரையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவர் மறுநாள் சந்திக்குத் திரும்பினார். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. சஜீவனின் ஓட்டோ கொட்டிலின் வாசலை மறைத்துக் குறுக்கே நின்றது. சாரல் வாங்கில் படாமல் இருக்க, ஒவ்வொரு ஹயர் முடிந்து வந்தும் அவன் அப்படித்தான் நிறுத்துகிறான் என்று தங்கராசா சொன்னார். கல் தவராசாவின் பக்கத்திலேயே இருந்தது.

“வாங்கோ அண்ணை” என்றான் சஜீவன். வேறு கதை இல்லை. பேசினை நிமிர்த்தினான். ஒரு காயும் அசையவில்லை.

தவராசா இருந்தார். கை குதிரையை நோக்கிப் போனது. அந்த நேரம் சஜீவன் முகத்தைத் திருப்பி றோட்டைப் பார்த்தான். றோட்டில் ஒன்றுமில்லை. மழைதான். தவராசா எதைத் தொடுகிறார் என்று காணாமல் இருப்பதற்காகவே அவன் திரும்பியிருந்தான்.

தவராசாவின் கை நடுவழியில் நின்றுவிட்டது. தன்னைவிட இருபது வயது குறைந்தவன் தனக்காகக் கண்ணை மூடுவதைக் கண்டபோது பட்ட வெட்கத்தைப் போல, அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு நெடுங்கேணிக்கு ஓடியபோதும் படவில்லை என்று அவர் என்னிடம் சொன்னார்.

“சஜீவன், இஞ்ச பார்” என்றார் எல்லாருக்கும் கேட்க. “அண்டைக்கு நான் இந்தச் சிப்பாயைத்தான் தொட்டனான்.”

“நான் காணேல்ல அண்ணை.”

“நீ கண்டனீ.”

சஜீவன் தலை குனிந்தான். தவராசா சிப்பாயால் ராணியை எடுத்தார். கோட்டை இறங்கியது. செக். ராசாவுக்கு ஒரே ஓர் இடம். மந்திரி வந்தது. மேட்.

ஒருவரும் கை தட்டவில்லை. தங்கராசா மட்டும், “அட சீவன் போவானே” என்று வியப்பில் மெல்லச் சொன்னார்.

“அண்ணை, குதிரையைப் பின்னுக்கு வச்சிருந்தா நான் முடிஞ்சன்” என்றான் சஜீவன். “அண்டைக்கு இரவே கண்டுபிடிச்சிட்டன்.”

“பிறகும் ஏன்ரா பேசினைக் காத்துக்கொண்டு இருந்தனீ?”

“ஆட்டம் முடியேல்லையே.”

தவராசா எழும்பி அவனுடைய கையைப் பிடித்தார். அப்போது முல்லைத்தீவுப் பக்கம் போக ஒருவர் வந்து ஓட்டோ கேட்டார். மற்ற ஓட்டோக்கள் ஹயரில் போயிருந்தன. சஜீவனின் ஓட்டோ வாசலை மறைக்க வரிசைக்கு வெளியே நின்றதால் முறை தவராசாவுடையது.

“நீ போ” என்றார் சஜீவனிடம்.

“உங்கட முறை அண்ணை.”

“அண்டைக்கு உன்ர முறை. போடா எண்டுறன்.”

அவன் போன பிறகு தவராசா காய்களை அடுக்கவில்லை. மேட் ஆன ராசாவை அப்படியே விட்டுவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் எந்த நகர்வில் என்ன நடந்தது என்று காட்டிக்கொண்டிருந்தார். தான் தொட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் குரல் இறங்கியது. ஆனால் ஒருதரம்கூட அந்த இடத்தைச் சொல்லாமல் விட்டுப் போகவில்லை.

நான் இதை எழுதட்டோ என்று கேட்டேன். “எழுது. சிப்பாயைத் தொட்டதை விட்டுடாத” என்றார்.

பேசினைப் பற்றிக் கேட்ட அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவரைச் சந்தியில் காணவுமில்லை. புதுக்குடியிருப்புப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கு இதைச் சொல்லுங்கள். அவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும். எப்படியாவது அந்த அம்மாவிடம் போய்ச் சேர வேண்டும்.